நின்று காட்டிய கொத்தனார்

கொத்தனாருக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறது. கையும் காலும் விழுந்ததே தவிர, வாய் விழவில்லை. மகன் லாரியோடு போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, திட்டு வாங்குவது எல்லாம் மருமகள்தான். தையல் கம்பெனி சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை லீவு போட்டால் அவள் மெஷினில் வேறு ஆள்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. முடங்கிக் கிடக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஆள் அனுப்புவார்களாம். அதற்கு முன்னால் அதிகாரி வந்து சோதித்துப் பார்ப்பார். முடியாது என்று காட்டித் தேற வேண்டிய பரீட்சை உலகத்தில் இது ஒன்றுதான்.

"மாமா, அந்த ஆபீசரம்மா கேட்டா உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

"நான் என்னைக்குப் பொய் சொன்னேன்?"

சொன்னவர் விடிந்ததும் சவரம் கேட்டார், சலவைச் சட்டை கேட்டார்.

அதிகாரியம்மா வந்து உட்கார்ந்தார். "தானா எந்திரிக்க முடியுமாங்க, ஐயா?"

"நான் கட்டுன சுவரெல்லாம் நிக்குது. நான் நிக்க மாட்டேனா?"

ஜன்னல் கம்பியை வலது கையால் பிடித்தார். பல்லைக் கடித்தார். இரண்டு வருஷத்தில் எழாத மனுஷன் எழுந்தே விட்டார்!

"குளிக்கிறது?"

"நானேதான்."

"நேத்து உங்க காதுல சோப்பு தேய்ச்சது யாரு மாமா, பேயா?"

"பெரியவங்க பேசறப்ப குறுக்கே பேசாத."

அதிகாரியம்மா படிவத்தைப் பையில் வைத்து மூடி எழுந்தார். "நல்லாத்தான் இருக்கீங்க. உட்காருங்க, நான் வரேன்."

"நீங்க கிளம்புங்கம்மா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"பெரியவர் நிக்கறப்ப நான் எப்படிப் போறது? உட்காருங்க."

ஏறிவிட்டார், இறங்கத் தெரியவில்லை. முழங்கால் தந்தியடித்தது. மருமகளின் கை பழக்கத்தில் நீண்டது. சட்டென்று மடக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வந்தால் வரட்டும்.

"ஏம்மா, மரம் மாதிரி நிக்கிறியே, வந்து பிடி!"

"எதுக்கு மாமா? எல்லாம் நீங்களேதானே."

"அடியே, விழுந்துருவேன்டி!"

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக் கட்டிலில் இறக்கினார்கள். அதிகாரியம்மா மூச்சு வாங்கியபடி பையை மறுபடி திறந்து படிவத்தை எடுத்தார்.

அடுத்த மாதம் உதவியாள் வந்து சேர்ந்தான். கொத்தனார் முதல் வேலையாக அவனை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "கம்பீரமா நின்னு காட்டினேன், அதான் உன்னை அனுப்பியிருக்காங்க. படுத்துக் கிடந்தா கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காது மாமா" என்று சொல்லிவிட்டு, மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடினாள்.