சிமியோன் எழுதிய கடிதங்கள்

அப்போதிக்கரி சிமியோன் கடிதம் எழுதிக் கொடுத்தால் அதை வாங்கிய ஆள் தப்பாது என்று பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு கதை உலாவியது. அவர் உடுப்பிட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அந்தச் சின்ன அரசாங்க டிஸ்பென்சரிக்கு அவர்தான் எல்லாம். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கலந்து கொடுப்பார். தன் கைக்கு மீறிய வருத்தமென்றால், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டிக் குணமாக்கும் டாக்குத்தருக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, நோயாளியின் கையில் கொடுப்பார். முப்பத்தாறாம் ஆண்டில் அப்படி வாங்கிப் போன ஏழு பேரும் செத்துப் போனார்கள். ஊருக்கு எண்ணத் தெரியாதா என்ன? அவருடைய சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலே பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துப் படலையைச் சாத்தினார்கள்.

ஒருநாள் மருந்து எடுக்கப் பட்டணம் போனவர், டாக்குத்தரிடம் அந்த ஏழு பேரில் ஒருவரைப் பற்றிக் கேட்டார். "நாகலிங்கத்தின்ரை வயித்துக்குள்ளை என்ன இருந்தது, ஐயா?"

"எந்த நாகலிங்கம்? உம்மடை பக்கத்திலையிருந்து இந்த வருசம் ஒருத்தரும் வரேல்லை. நீர் கடிதம் எழுதுறதை விட்டிட்டீர் எண்டெல்லோ நினைச்சன்."

சிமியோன் கையிலிருந்த மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தார். அப்படியானால் அந்த ஏழு பேரும் எங்கே போனார்கள்?

நேரே நாகலிங்கம் வீட்டுக்குப் போனார். உச்சி வெயில். காற்றே இல்லை, ஆனாலும் வளவுப் பனைகளில் காவோலை உரசிக்கொண்டிருந்தது. நாகலிங்கத்தின் பெண்சாதி பூரணம், அவர் கேட்டதும் சாமியறைக்குள் போய், பிரிக்காத கடிதத்தைக் கொண்டுவந்தாள். உறையில் திருநீறும் சந்தனப் பொட்டும் இருந்தன.

"நல்ல நாள் பாத்துக் கொண்டுபோவம் எண்டு சாமியிட்டை வைச்சனாங்கள், ஐயா. செவ்வாய் வந்தது, பிறகு அட்டமி, நவமி. அதுக்கிடையிலை மனிசன் கண்ணை மூடிட்டார்." கடிதத்தை அவர் கையில் திணித்தாள். "இதை நீங்களே கொண்டுபோங்கோ. இரவிலை அவர் இதைத்தான் தேடுறார்."

எட்டு நாளைக்குள் மற்ற ஆறு கடிதங்களும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவரை யாரும் காணவில்லை. காலையில் டிஸ்பென்சரி கதவைத் திறந்தால் படியில் ஒரு கல்; கல்லின் கீழே பிரிக்காத உறை, அதில் சிமியோனின் கையெழுத்தில் செத்தவர் பெயர்; பக்கத்தில், பேய் விரட்டக் குங்குமம் தடவி வெட்டிய தேசிக்காய். கிறிஸ்தவ வேதக்காரரான தன்னைத் தேசிக்காய் என்ன செய்யும் என்று சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அந்த மாதம்தான் அவருடைய மனைவி வினிபிரட் தன் மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னாள். தொட்டுப் பார்த்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே கடிதத்தை எழுதினார். உறையில் அவள் பெயரை எழுதும்போது பேனை நின்றது. ஏழு பெயர்களுக்குக் கீழே எட்டாவதாக அதுவும் ஏறியது போலிருந்தது. கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். மழை விடட்டும் என்றார். டாக்குத்தர் லீவில் நிற்பார் என்றார். பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டால் கரையும் என்று, தானே நம்பாத ஒன்றையும் சொன்னார்.

ஒருநாள் தையல் ஊசி தேடி லாச்சியைத் திறந்த வினிபிரட், கடிதத்தைக் கண்டு பிரித்தாள். மிஷன் பள்ளியில் படித்தவள்; திகதியைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது எழுதி ரெண்டு மாசம். பூரணம் எண்டாலும் அட்டமி நவமி பாத்தா. நீங்கள் என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"பயந்து போனன், வினி." படித்த மனிதர், குழந்தை போல அழுதார்.

அடுத்த நாளே வண்டிலில் போனார்கள். செவ்வாய்க்கிழமை. வழிநெடுகப் படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வேலிக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. டாக்குத்தர் பார்த்துவிட்டு அவரை வெளியே அழைத்தார்.

"அக்குளுக்குள்ளையும் பரவிட்டுது. கண்ட அண்டைக்கே கொண்டு வந்திருக்கலாமே, சிமியோன்?"

வார்டில் யன்னலோரக் கட்டிலில் ஆறு வாரம் கிடந்து வினிபிரட் இறந்தாள்.

அதன் பிறகு சிமியோன் யாருடைய கையிலும் கடிதம் கொடுத்ததில்லை. கடிதத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நோயாளியோடு தானும் வண்டிலில் ஏறிவிடுவார். நாள் பார்க்க வேண்டுமென்றால் வண்டிலில் இருந்துகொண்டு பாருங்கள் என்பார். முதலில் ஏறியது பூரணத்தின் மகள் செல்வநாயகி. கழுத்துக் கழலையோடு போனவள் சுகமாகித் திரும்பி வந்தாள். பத்து வருசத்தில் எத்தனையோ பேர் போய் வந்தார்கள். படலைகளும் திறந்துவிட்டன. ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

ஆனால் அந்த வார்டுத் தாதிமாருக்கு அவர் வரும் நாள் பிடிக்காது. நோயாளியைக் கட்டிலில் படுக்கவைத்ததும் அவர் அந்த யன்னலோரக் கட்டிலடியில் போய் நிற்பார். அங்கே யார் படுத்திருந்தாலும், ஒருவரும் இல்லாவிட்டாலும், குனிந்து மெல்லச் சொல்லுவார்.

"கண்ட அண்டைக்கே கொண்டு வந்திட்டன், வினி."