யானைப் புத்தகத்தில் முத்துராஜின் முறை

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். சத்யா பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து, யாரோ ஒரு சென்னைக்காரருக்குக் கொடுவா நறுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதிள். பக்கத்துக் கடைக் குப்பம்மாதான் போனை எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தாள். பேசியவன் சுரேஷ். சத்யாவின் புருஷன் முத்துராஜ் வேலை செய்யும் படகு அவனுடையது.

"அண்ணி, அண்ணன் போய்ட்டாரு அண்ணி. படகுலயே நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்துட்டாரு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

கொஞ்ச நேரம் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"அண்ணி, புக்கு ஊட்லதான கீது? படகுக்கு எடுத்தாரலியே?"

"ஊட்லதான் கீது" என்றாள் சத்யா.

மீனை நறுக்கி முடித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த மனிதர் தலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தலையையும் போட்டுவிட்டாள்.

சுரேஷுக்கு ஈரமில்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊரில் யார் பேசியிருந்தாலும் அடுத்து அதைத்தான் கேட்டிருப்பார்கள். மணல்மேட்டுக் குப்பத்தில் அந்த ஒரு புத்தகம் அப்படி ஆகிவிட்டிருந்தது.

குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு இரும்பு அலமாரியும் ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்களும் வந்தன. நூலகம் என்று எழுதி அலமாரியில் ஒட்டினார் சோபியா டீச்சர். பிள்ளைகள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு புத்தகத்தின் மீது விழுந்தார்கள். காட்டுப் பள்ளிக்கூடத்து நூலகத்திலிருந்து ஒரு யானை புத்தகம் எடுத்துப் போகிறது. மற்ற மிருகங்கள் வரிசையில் நிற்க, திருப்பிக் கொடுக்காமல் காலுக்கடியில் ஒளித்துவைக்கிறது. பகிர்ந்து படிக்க வேண்டும் என்று சொல்ல வந்த புத்தகம். அதற்காக முதல் வாரத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்கு மண்டை உடைந்தது. பிள்ளைகளின் சண்டை தாய்மார்களின் சண்டையாகி, குழாயடிக்கு வந்து, கடைசியில் ஊர்த் தலைவர் ஆதிநாராயணனிடம் போய் நின்றது.

அவருக்கு ஒரே வழிதான் தெரியும். ஏரியில் இறால் விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இவருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். காலகாலமாக அடிதடி இல்லாமல் ஏரி பிழைத்துக் கிடப்பது அதனால்தான்.

"புக்குக்கும் பாடு உட்ரலாம். சாயங்காலத்துலருந்து மறுநா சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆளு" என்றார்.

சோபியா டீச்சருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. சீட்டில் எழுதிய பெயர்களைப் பார்த்த பிறகுதான் திகைத்தார்.

"ஐயா, இதுல பசங்க பேரே இல்லயே? எல்லாம் அப்பாங்க பேரா இருக்கு."

"பாடு தலைக்கட்டுக்குத்தான் டீச்சர். தலைக்கட்டுன்னா கல்யாணம் ஆன ஆம்பள. ஒண்ணாங்கிளாஸ் பையன் தலைக்கட்டா?"

"படிக்கப்போறது அவங்கதான?"

"கூட உக்காந்து பாக்கட்டும். படகுல கூலிக்கு வர்ற ஆளு மாதிரி."

அப்படியாக மணல்மேட்டுக் குப்பத்து ஆண்கள் முறை வைத்துப் படப் புத்தகம் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு பிள்ளைகள் "காட்டு நைனா, நானும் பாக்கறேன் நைனா" என்று தொங்கினாலும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்தால் வந்தது. அதில் எழுத்தே கிடையாதாம். யானை நூலகத்து வாசலில் நின்று, புத்தகத்தைப் பிடித்த தும்பிக்கையைச் சன்னலுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறதாம். புத்தகத்தைத் திருப்பி வைக்கிறதா, இன்னொன்றை எடுக்கிறதா? வைக்கிறது என்றார்கள் பாதிப் பேர். எடுக்கிறது என்றார்கள் மீதிப் பேர். படகில், டீக்கடையில், கருமாதி வீட்டில்கூட இதே பேச்சு. வேலுவும் அவன் மச்சானும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது இதனால்தான்.

இதில் வாயைத் திறக்க முடியாமல் போன ஒரே ஆண் முத்துராஜ். நாற்பத்தாறு வயது. தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது, அவனுக்குச் செய்துவைக்க வேண்டும் என்ற ஞாபகம் யாருக்கும் இல்லை. அதனால் தலைக்கட்டு இல்லை. ஏரியில் பாடும் இல்லை. அடுத்தவர் முறையில் கூலிக்கு வலை இழுத்தான். அது அவனுக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை. புத்தகத்துக்கும் பாடு கிடையாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் முத்துராஜ் அடுத்தவர் சொல்வதை நம்பவே மாட்டான். வெளியே மழை என்றால் கையை நீட்டிப் பார்ப்பான். பூநாரை ஒற்றைக் காலில் நிற்கிறது, மற்றக் கால் உள்ளேதான் மடங்கியிருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு முட்டிவரை சேற்றில் நின்று, அது அடுத்த காலை இறக்கும்வரை பார்த்துவிட்டு வந்தவன். அப்படிப்பட்டவனிடம் படகில் எல்லோரும் சொன்னார்கள்: "புக்கு பாக்காதவன் பேசாத."

ஆதிநாராயணனிடம் போய்க் கேட்டான்.

"ஒரே ஒரு பக்கம் தலைவரே. தள்ளி நின்னு பாத்துட்டுப் பூட்றேன்."

"இன்னிக்கு நீ புக்கு கேப்ப. நாளைக்கு இன்னொருத்தன் எறா பாடு கேப்பான். போய்க் கல்யாணம் பண்ணிக்கினு வா, குடுக்கறேன்."

விளையாட்டாகச் சொன்னார். முத்துராஜ் மறுவாரமே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோட்டைக்குப்பத்தில் சத்யா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

சத்யாவுக்கு அப்போது முப்பத்தெட்டு. ஒரு கல்யாணம் நடந்து மூன்று மாதத்தில் முடிந்திருந்தது. இனிமேல் ஆண்பிள்ளை சங்காத்தமே வேண்டாம் என்று இருந்தவள், வந்த மனிதர் காபியைக்கூட ஊதிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பிறகு குடிப்பதைக் கவனித்தாள்.

"இந்த வயசுல இன்னாத்துக்குக் கல்யாணம்?"

"ஒரு புக்கு பாக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேலே சொல்லச் சொன்னாள். அவன் யானையைப் பற்றி, வரிசையைப் பற்றி, சன்னலைப் பற்றி எல்லாம் சொன்னான்.

"எடுக்குதுதான். அது புத்தி எங்க போவும்?" என்றாள்.

"நீ பாத்தியா?"

"நீயும்தான் பாக்கல."

"அப்ப நீ சொல்றத நம்பமாட்டேன்."

"நம்பாத. எனுக்கும் காட்டுவியா?"

அதுதான் நிச்சயதார்த்தம். கோயிலில் தாலி கட்டி, தலைக்கட்டு வரி கட்டி, முத்துராஜின் பெயர் சீட்டில் ஏறியது. புதுத் தலைக்கட்டு என்பதால் கடைசி. தலைக்கட்டு ஆனவனுக்கு ஏரிப் பாடும் உண்டு என்று தலைவர் சொன்னபோது, "அது கெடக்கட்டும்" என்றான்.

முறை வரும்வரை மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள். யார் வீட்டிலும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவன் முறையில் கை வைப்பது திருட்டு. அதனால் பார்க்காத படத்தை வைத்தே தினமும் சண்டை போட்டார்கள். அவன் வைக்கிறது என்பான். அவள் எடுக்கிறது என்பாள். அவள் சோற்றைப் போட்டபடி திட்டுவாள், அவன் சாப்பிட்டபடி திட்டுவான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர்களை நினைத்துக் கவலையாக இருந்தது. சத்யாவுக்கு அதைப்போல ஒரு காலம் வாய்த்ததே இல்லை.

போன மாதம் முறை வந்தது. சாயங்காலம் சுரேஷ் புத்தகத்தை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தான். இறால் வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் பையில் இருந்தது. உப்புக் காற்றிலும் ஊர்க் கையிலும் முதுகுப் பசை விட்டுப்போய், தாள் தாளாகப் பிரிந்திருந்தது.

சத்யா கையை நீட்டினாள். "கடசிப் பக்கத்த எடு."

"இரு. மொதல்ல தெச்சிரலாம். இதுல நடுவுல ஒரு தாளு மாறியிருந்தா கதையே மாறிடும். மொதல்லருந்து பாத்தாத்தான் பாத்த மாதிரி."

கோணி ஊசியும் வலைக்குப் போடும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஓரத்தில் துளை போட்டு, வலை முடிச்சாகவே போட்டு, ஒவ்வொரு தாளையும் தைத்தான். தைத்த தாளை இரண்டு பேரும் பார்த்தார்கள். யானை அலமாரியிடம் போயிற்று. யானை புத்தகத்தை எடுத்தது. முயல் அழுதது. "இத்த மட்டும் ஒருத்தனும் சொல்லல பாரு" என்று முயலின் காலில் இருந்த செருப்பைக் காட்டினான் முத்துராஜ். கடைசித் தாளைக் கவிழ்த்துப் போட்டு, முதல் துளையில் ஊசியைக் குத்தியபோது கரண்ட் போனது.

சத்யா போனில் டார்ச் அடித்தாள்.

"வேணாம். டார்ச்சுல பாத்தா நெழல் உழும். தும்பிக்க உள்ள போவுதா வெளிய வருதான்னு அப்பறம் சந்தேகமாவே இருக்கும். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் நம்ம முறதான. காலைல படகுக்குப் போய்ட்டு மத்தியானம் வந்துட்றேன். பட்டப்பகல்ல பாக்கலாம்."

"நான் ஜெயிச்சிருவேன்னு பயம் உனுக்கு."

"பாத்துட்டுப் பேசு" என்றான்.

மறுநாள் மத்தியானம் அவனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். துக்கம் கேட்க வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் கும்பிட்டுவிட்டு, புத்தகம் இருந்த பரணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சீட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க, அடுத்த முறை வேலுவுடையது. சாயங்காலம் ஆனதும் மாலையோடு வந்தவன், போகவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

காரியம் முடிந்த அன்று பஞ்சாயத்து கூடியது. இப்படி ஒரு வழக்கு புத்தகத்துக்கு இதுவரை வந்ததில்லை.

"மொறை நடக்கச்சே போனவன் மொறை பொண்டாட்டிக்கு. ஏரியில எப்டியோ இதுலயும் அப்டித்தான்" என்றார் ஆதிநாராயணன்.

"சரி தலைவரே. எத்தினி நாளிக்கி?" என்றான் வேலு.

அவர் வெகுநேரம் யோசித்தார். "அந்தம்மா பாத்து முடிக்கற வரைக்கும்."

சோபியா டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் வேலு அந்த வழியாக வருகிறான்.

"அண்ணி, பாத்துட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவள் பார்க்காதவரை அது முத்துராஜின் முறைதான் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

புத்தகம் பரண்மேல் அந்தப் பையிலேயே இருக்கிறது. கடைசித் தாள் கவிழ்ந்தபடி கிடக்கிறது. கோணி ஊசி அதன் முதல் துளையில் நிற்கிறது. நூல் இன்னும் இழுக்கப்படவில்லை.