ஐந்தாவது கையெழுத்து

எங்கள் தெருவில் ஐந்து வீடுகளுக்குக் குளிக்கத் தண்ணீர் காயவைத்துக் கொடுத்தது ஒரே பெண்தான். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் குளியலறை மூலையில் செம்பு ஹண்டே ஒன்றைச் சுவரோடு வைத்துக் கட்டியிருப்பார்கள். பெரிய வயிறு கொண்ட அண்டாவைத்தான் ஹண்டே என்போம். அதற்கு அடியில் அடுப்பு. அடுப்பின் வாய் மட்டும் வெளியே, கொல்லைப்புறச் சுவரில் திறந்திருக்கும். மூட்டுகிறவர் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை.

அவள் ஐந்து மணிக்கு வருவாள். பின்கதவுக் கொண்டியைத் தானே எடுத்துவிட்டு, தென்னை மட்டையும் சவுக்கு விறகும் வைத்து மூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். ஏழரை மணிக்குத் திரும்பி வந்து, தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியை ஒரு தகர டின்னில் அள்ளிக்கொண்டு போவாள். சம்பளத்தைவிட அந்தக் கரிதான் அவளுக்கு முக்கியம். அவள் கணவர் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். ஐந்து வீட்டுக் கரி அவருடைய இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு நாள் முழுக்க வரும்.

தமிழ்நாட்டு எல்லையோரம் ராமாபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கரி குறைந்தால் என் மனைவியிடம் சண்டைக்கு வருவாள். "ஏனுங்க்கா, அண்ணன் இன்னைக்கிக் குளிக்கவே இல்லீங்களா? டின்னுல பாதிகூட வரலியே." என் மனைவியும் விடமாட்டாள். "உங்க டின்னுக்காக அவர் ரெண்டு தரம் குளிக்கணுமா?" இருவரும் சிரிப்பார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் ரயில்வே பட்டறையில் சாமான் கிடங்கில் வேலை பார்த்தேன். பத்தாவது வரைதான் படிப்பு. யாராவது எதிரில் நின்று ஒன்றைக் கேட்டால் எனக்கு வாயில் வருவது 'சரி' ஒன்றுதான். முடிவெட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டால் அதற்கும் சரி. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்து வருத்தப்படுவேன்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு செய்தியோடு வந்தார். சர்க்கார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவர்.

"சோலார் போடலாம்ப்பா. மாடியில கண்ணாடிப் பொட்டி, மேல ஒரு டாங்க். வெயில்ல தண்ணி தானா கொதிக்கும். பேங்க்ல கம்மி வட்டிக்கு லோன் கொடுக்கறாங்க. மீதி வட்டி சர்க்காரே கட்டுது. கரண்ட் பில்லுலயும் மாசாமாசம் கழிச்சுக்கறாங்க, கொத்தா, தெரியுமா?"

"சரி சார்."

"இரு, முழுக்கக் கேளு. ஒரே தெருவுல அஞ்சு வீடு சேர்ந்தாத்தான் கம்பெனிக்காரன் பைப் வேலையெல்லாம் சும்மா பண்ணித் தருவான். இல்லேன்னா நமக்குக் கட்டாது, எல்லாரும் விட்டுடுவோம். நாலு வீடு ஆச்சு. நீதான் அஞ்சாவது. பேடா, வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே."

அவர் சொன்ன ஐந்து வீடுகளும் அவள் அடுப்பு மூட்டிய ஐந்து வீடுகள்தான்.

இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. என் மனைவிக்கு இரண்டு வருஷமாக இருமல். கொல்லைப்புறப் புகை சமையலறை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரும். புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வங்கிப் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "இந்தப் புகை போனாப் போதும்ங்க" என்றாள். அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஆபீசில் சம்பளச் சீட்டு வாங்கிச் சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கவேண்டும். படிவத்தை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான் பையை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் சைக்கிள் எடுக்கப் போனேன். அவள் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லும்மா."

"நாலு வீட்டுலயும் சோலார் போடறாங்களாமா. நீங்க சேந்தாத்தான் நடக்குமாமா. பக்கத்து வீட்டு ஐயா போன்ல பேசிட்டிருந்தாரு, கேட்டுச்சு." டின்னைக் கீழே வைத்தாள். "போட வேண்டாம்னு சொல்ல நான் ஆருங்க? அக்கா இருமறது எனக்குத் தெரியாதா? ஊதுபத்தி கம்பெனியில ஒரு எடம் இருக்குது. தெரிஞ்சவங்க எனக்காகச் சொல்லி வெச்சிருக்காங்க. ஒண்ணாந்தேதி சேரோணும். காலையில ஆறு மணிக்கே போகோணும், அங்க போனா இங்க முடியாது. கரியையும் காசு குடுத்து வாங்கோணும். அதான் கேக்கறேன். நீங்க போடறதா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் அங்க போயிக்கறேன். போடலீன்னா இங்கியே இருந்துக்கறேன்."

அவள் கேட்டது தயவு அல்ல, ஒரு தகவல். ஆமாம் என்றால் ஊதுபத்தி, இல்லை என்றால் ஹண்டே. இரண்டில் எதுவானாலும் அவளுக்கு ஒரு வழி இருந்தது. படிவம் என் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

நான் சொன்னேன்: "இல்லம்மா, நாங்க போடல."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். அண்ணன் இருக்கறப்ப எனக்கென்ன" என்று டின்னை எடுத்துக்கொண்டு போனாள்.

சைக்கிளில் போகும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வங்கியில் கடன் கிடைக்காமலே போகலாம். மாதக்கணக்கில் இழுக்கலாம். அதற்குள் பக்குவமாகச் சொல்லிவிடலாம். ஆபீசில் சம்பளச் சீட்டு வாங்கிப் படிவத்தோடு சேர்த்து, சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் முதுகில் தட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் ஏழரைக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒன்றாம் தேதி வந்தது, போயிற்று. அவள் ஊதுபத்தி கம்பெனிக்குப் போகவில்லை.

மேலும் இரண்டு வாரம் கழித்து வங்கி அதிகாரி மாடியைப் பார்க்க வந்தார். நான் வேலைக்குப் போகவேண்டும் என்பதால் காலையிலேயே வரச்சொல்லியிருந்தேன். மாடியில் நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய ஹண்டேயையும் பார்க்கவேண்டும் என்று கொல்லைப்புறம் வந்தார். அடுப்பு வாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். நல்ல மனிதர் அவர். கன்னடத்தில் சிரித்துக்கொண்டே, அடுத்த மாதத்திலிருந்து இந்தப் புகையில் நீ கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா, ஐந்து வீட்டுக்கும் கடன் வந்துவிட்டது என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்தேன், காற்று சரியாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தேன். காற்று இருந்தது.

அவள் தணலில் தண்ணீரைத் தெளித்து, கரியை அள்ளிக்கொண்டு போனாள். மாதக் கடைசி வரை ஒரு நாள் தவறாமல் வந்தாள். ஊதுபத்தி கம்பெனியில் கேட்டுப் பார்த்தாளாம். அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் மனைவியிடம் சொன்னார். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போனாள். முகூர்த்தம் இருக்கிற மாதம் வேலை, இல்லாத மாதம் இல்லை.

கம்பெனி ஆட்கள் வந்து கண்ணாடிப் பெட்டியைப் பொருத்தினார்கள். ஹண்டேயைப் பெயர்த்து எடுத்துப் பழைய செம்புக்குப் போட்டோம். அடுப்பு வாயை சிமெண்ட் பூசி அடைத்தார்கள். குழாயைத் திருகினால் சுடுதண்ணீர் கொட்டியது. அது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மூன்று மாதத்தில் என் மனைவியின் இருமலும் குறைந்தது. கரண்ட் பில்லில் சோலார் கழிவு என்று ஒரு வரி புதிதாக வந்தது. பில் வந்ததும் அந்த வரியைப் பார்க்காமல் மடித்துவிடுவேன்.

அவள் எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். என் மனைவிக்கு அது பெரிய குறை. "பொங்கலுக்குப் புடவை எடுத்து வெச்சுக் கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரி போறா. நான் என்னங்க பண்ணேன் அவளுக்கு?"

"தெரியலையே" என்றேன்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை வங்கியில் தவணை கட்ட வரிசையில் நின்றிருந்தேன். அவள் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தாள். கணவருக்குக் கரண்ட் இஸ்திரிப் பெட்டியும் ஒரு சின்ன அறையும் பார்த்திருக்கிறார்களாம். கடன் கேட்க முதலில் கணக்குத் திறக்கவேண்டும், அதற்கு அங்கே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டும்.

"உங்ககிட்டக் கேக்கலாம்தானுங்ணா? உங்க மேல எனக்கு வருத்தமில்ல. நீங்க போடலீன்னுதான் சொன்னீங்க. அக்காதான் பின்னால புடிவாதம் புடிச்சிருப்பாங்க. வீட்டுல பொம்பள நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அவள் நீட்டிய படிவமும் பேனாவும் என் கையில் இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அவள் நன்றி சொல்லியிருப்பாள். ஆனால் ஒரு வருஷமாக அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது யாரிடமிருந்து என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அவ எதுவும் பண்ணலம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நீ கேட்டதுக்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"என்னுங்ணா?"

"நீ கேக்கறப்ப காகிதம் பையிலதான் இருந்துச்சு."

"நான் டின்னோட நிக்கறப்பவா?"

"ஆமா."

"கேட்டதுக்கு ஆமான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானுங்களே." படிவத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "ஒரு வருசமா அக்காவையில்ல நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருந்தேன்."

வரிசையில் எனக்கு நாலு ஆள் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவரிடம் போய்ப் படிவத்தை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தவணை கட்டிவிட்டு மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு, முடிந்தவரை தாமதமாக வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்புறத்தில் பேச்சுக் குரல் கேட்டது. சிமெண்ட் பூசிய அடுப்பு வாய்க்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் புடவை அவள் மடியில் இருந்தது. காப்பி டம்ளர்கள் காலியாகிப் பக்கத்தில் கிடந்தன. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் எழுந்து, "வரேனுங்க்கா" என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பின்கதவுக் கொண்டியை எடுத்துவிட்டுப் போனாள்.

என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனாள். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி சூடாத்தான் இருக்கு. போய்க் குளிங்க."