பிஸ்டன் படத்தில் ஒரு ஏழு

போன செவ்வாய்க்கிழமை ஜனக்புரியில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயது கடந்த வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இது ஓடியே பல வருடங்கள் இருக்கும். சீட்டில் புறா கூடு கட்டியிருந்தது. மூன்று பேர் சேர்ந்து டெம்போவில் ஏற்றியபோது வண்டி ஒருபக்கம் சாய்ந்து, எங்கிருந்தோ கொஞ்சம் கறுப்பு எண்ணெய் தரையில் சொட்டியது. கையில் கீரைக்கட்டோடு போய்க்கொண்டிருந்த நான் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"பையா, ஏக் மினிட்" என்று சொல்லி என்ஜினைக் குனிந்து பார்த்தேன்.

"ஆன்ட்டிஜி, ஆப்கா ஹை க்யா?" என்றான் ஒருவன்.

என்னுடையது இல்லை என்றேன். அது பாதிப் பொய். அந்த வண்டி எனக்குச் சொந்தமில்லை, சரி. ஆனால் அந்த என்ஜினுக்குள் மேலும் கீழும் போய்வந்த பிஸ்டனின் படத்தை வரைந்தவள் நான். இரண்டு முறை வரைந்தேன். முதல் முறை தப்பாக.

கல்யாணமாகி ஜனக்புரிக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் கரோல் பாகில் இருந்தோம். மூன்றாம் மாடியில் ஒன்றரை அறை. அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருடமாகியும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறாதவர், காய்கறிக்காரனிடம் மட்டும் "ஜல்தி ஜல்தி" என்பார். நான் டிராப்ட்ஸ்மேன் படிப்பு படித்தேன். அதில் 'மேன்' இருக்கிறதே என்று அப்பாவின் அலுவலக நண்பர்கள் கேலி செய்தார்கள். படித்து முடித்ததும் ஓக்லாவில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் டிரேசராக வேலை கிடைத்தது. மூலப்படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோடுகளை மையால் அப்படியே நகலெடுக்கிற வேலை. யோசிக்கத் தேவையில்லாத வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். அதை நம்பியதுதான் என் முதல் தப்பு.

அந்தக் கம்பெனியின் பிறப்பே ஒரு கதை. முதலாளி பிரிவினையின்போது அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லாரும் அவரை படே சாஹிப் என்போம். முதலில் சைக்கிள் பெடல் செய்து விற்றார். பிறகு குளிர்நாடு ஒன்றில் இருந்த மோட்டார் சைக்கிள் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். வண்டிகள் பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், இங்கே பூட்டி விற்பார்கள். அந்தப் பெட்டிகளின் பைன் பலகைகளை அவர் வீணாக்கவில்லை. எங்கள் வரைபட அறையின் மேஜைகள் எல்லாம் அந்தப் பலகையில் செய்தவை. கோடையில் அவற்றிலிருந்து பிசின் கசிந்து என் புடவையில் ஒட்டிக்கொள்ளும். அது போகாது. அம்மா திட்டுவாள்.

ஒப்பந்தப்படி கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யப் பழக வேண்டும். முதலில் மட்கார்டு, பிறகு டாங்க், பிறகு கியர்கள். கடைசியில் என்ஜினின் வயிற்றுக்கே வந்தோம். அது டூ ஸ்ட்ரோக் என்ஜின். இப்போதுள்ள வண்டிகள் மாதிரி வால்வு, கேம் என்று ஒன்றும் கிடையாது. சிலிண்டர் சுவரில் சில ஜன்னல்கள். பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது அந்த ஜன்னல்களைத் திறந்து மூடும். ஒன்று வழியாகப் புகை வெளியே போகும், மற்றவை வழியாகப் புதிய பெட்ரோல் காற்று உள்ளே வரும். எண்ணெய்க்குத் தனி வழி இல்லை. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். ஓடுகிற பாகங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதனால்தான் மெக்கானிக்குகளுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம், அதனால்தான் அவ்வளவு நீலப் புகையும்.

பிஸ்டனின் மூலப்படம் வந்தபோது என் மேஜைக்குத்தான் வந்தது. அந்த நாட்டுப் பொறியாளர் யாரோ அச்சிட்ட அளவை அடித்துவிட்டுக் கையால் திருத்தியிருந்தார். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவது அவர்கள் வழக்கம், அது எனக்குப் பழகிவிட்டது. விட்டம் ஐம்பத்தொன்பது, காற்புள்ளி, ஒன்பது, அப்புறம் ஒரு ஏழு. ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு மில்லிமீட்டர். அழகாக எழுதினேன். என் எண்கள் அழகாக இருக்கும் என்பதில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை. தலைமை டிராப்ட்ஸ்மேன் சபர்வால்ஜி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அது குளிர்காலம். பிஸ்டன்கள் வார்க்கப்பட்டன, வண்டிகள் ஓடின, ஒரு குறையும் இல்லை. படே சாஹிப் எங்களுக்கெல்லாம் கஜர் ஹல்வா, அதாவது கேரட் அல்வா, வாங்கிக்கொடுத்தார்.

மே மாதம் வந்தது. தில்லி வெயில் உங்களுக்குத் தெரியும். வண்டிகள் ஓட்டத்திலேயே இறுகி நிற்க ஆரம்பித்தன. அலுமினிய பிஸ்டன் சூட்டில் சிலிண்டரைவிட அதிகமாக விரியும். அதற்காக இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுடி கனத்துக்கு இடம் விட வேண்டும். அந்த இடம் போதாவிட்டால் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். எங்கள் சோதனை ஓட்டுநர் பல்தேவ் மதுரா ரோட்டில் பட்டப்பகலில் அப்படித்தான் தூக்கி எறியப்பட்டார். காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டதால் உயிர் தப்பினார்.

பிஸ்டன்களை அளந்தார்கள். படத்தில் இருந்தபடியே அச்சாக இருந்தன. இறுகிய சிலிண்டர்களோ உரசிக் கிழிந்து கிடந்தன, எதை அளந்தும் பயனில்லை. சிலிண்டரின் உட்சுவரைக் கடைசியாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிறவர் முருகேசன். சேலத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். ஜங்புரா பக்கம் குடிசைப் பகுதியில் மனைவியோடு இருந்தார். அவர்தான் துளையைச் சிறியதாக விட்டிருக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு கட்டி, வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. தினமும் ஷிப்ட் நேரத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"என்னங்க, உள்ள எதாச்சும் பேசிக்கிறாங்களா?" என்று கேட்பார்.

"இல்லீங்க" என்பேன்.

"நான் அளக்காம ஒரு சிலிண்டர்கூட விட்டதில்லீங்க. அவுங்ககிட்ட சொல்லுங்க."

ஏழோ எட்டோ நாள் இப்படிப் போயிற்று. ஒருநாள் பிஸ்டனோடு சேரும் இணைப்புத் தண்டின் படத்தை நகலெடுக்க எடுத்தேன். அதே பொறியாளரின் கையெழுத்து. அதில் ஒரு ஏழு இருந்தது, இடுப்பில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. அந்த ஆள் ஏழுக்கெல்லாம் குறுக்குக் கோடு போடுகிறவர். அப்படியானால் பிஸ்டன் படத்தில் கோடு இல்லாமல் நின்றது என்ன? அலமாரியைத் திறந்து மூலப்படத்தை எடுத்தேன். அது ஏழு இல்லை, ஒன்று. அவர்கள் ஒன்றை எழுதும்போது மேலே நீளமாக ஒரு சாய்வுக்கோடு இழுத்து ஆரம்பிக்கிறார்கள். ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்று. சிலிண்டரின் துளையோ சரியாக அறுபது. ஒரு தலைமுடிக்கு இடம் விட வேண்டிய இடத்தில் நான் அதில் மூன்றிலொரு பங்குதான் விட்டிருந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஏட்டி, செக் பண்ணவன் கையெழுத்து அதுல இருக்குல்லா? நீ எதுக்கு முந்திக்கிட்டுப் போயி மாட்டிக்கிடுத?"

"வெளிய ஒருத்தர் நிக்காருப்பா."

"நிக்கட்டும். கண்டுபிடிக்கவன் கண்டுபிடிப்பான்." அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேலை போச்சுன்னா அடுத்த வேலைக்கு உன்னய எவன் எடுப்பான்?" என்றார். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். எனக்குத் தெரிந்து அந்த ஊரில் வேறெந்தத் தொழிற்சாலையிலும் டிரேசிங்கில் ஒரு பெண் இல்லை.

மறுநாள் இரண்டு படங்களையும் சபர்வால்ஜியின் மேஜையில் வைத்தேன். பூதக்கண்ணாடியால் ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவாக இந்தியில் சொன்னார்: "மகளே, புதுப் படம் போட்டுடு. ஏழை ஒண்ணாக்கு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அந்தப் பையனையும் கொஞ்ச நாள்ல திரும்பக் கூப்பிட்டுருவாங்க." ஓய்வுபெற அவருக்கு ஒரு வருடம்கூட இல்லை.

அச்சா என்று சொல்லிவிட்டு வந்து வரைந்தேன். படத்தை முடித்து வலது மூலைக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. திருத்திய படம் எதுவானாலும் அங்கே ஒரு கட்டம் உண்டு: திருத்தத்திற்கான காரணம். அதைக் காலியாக விட்டால் தொழிற்சாலைக்குள் படம் இறங்காது. சபர்வால்ஜியிடம் போய் "இதில் என்ன எழுதட்டும்?" என்றேன். "டிசைன் மேம்பாடு" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

மேஜைக்குத் திரும்பினேன். ஜன்னல் வழியே கேட்டும் வேப்பமரமும் தெரியும். வீரமாக ஏதோ செய்தேன் என்று நினைக்காதீர்கள், முதல் எழுத்திலேயே மை சொட்டிவிட்டது. பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினேன். 'டிரேசிங் பிழை. ஒன்று, ஏழு என்று படிக்கப்பட்டது.' கீழே என் இனிஷியல்.

சபர்வால்ஜி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். பேனாவை எடுத்து என் வரிக்குப் பக்கத்திலேயே 'சரிபார்த்ததிலும் பிழை' என்று எழுதி முழுப்பெயரையும் போட்டார். "சலோ" என்று எழுந்தார். இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம்.

மேனேஜர் கத்தினார், சத்தம் மிஷின் ஷாப் வரை கேட்டதாம். என்னை டிரேசிங்கிலிருந்து எடுத்து மூன்று மாதம் பிஸ்டன் அளக்கிற பிரிவில் போட்டார்கள். சபர்வால்ஜிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை அவர் யாருக்கும் காட்டவில்லை. முருகேசன் அன்று மத்தியானமே உள்ளே வந்தார்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தெனமும் என்னயத் தாண்டித்தானுங்க போனீங்க" என்றார்.

"அப்ப எனக்கே தெரியாதுங்க."

"தெரியாதுங்கறது சரிதானுங்க. ஆனா அக்கம்பக்கத்துல எம் பொண்டாட்டிகிட்ட, உன் புருசன் ஆளக் கொல்லப் பாத்தானாமேன்னு கேட்டுப்போட்டாங்க." சொல்லிவிட்டு மிஷினைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் பேச முடியாதபடி அது சத்தம் போடும்.

ஜூன் கடைசியில் புதிய பிஸ்டன் போட்ட முதல் வண்டி தயாரானது. மழை இன்னும் வரவில்லை. பல்தேவின் எலும்பு கூடிவிட்டிருந்தது, ஓட்டுவேன் என்று அவரே வந்து நின்றார். ஆனால் ஒரு நிபந்தனை. வரைபட அறைக் கதவில் சாய்ந்துகொண்டு என்னைக் காட்டிச் சொன்னார்: "பஹன்ஜி வரைஞ்ச பிஸ்டன்தானே? பஹன்ஜி பின்னாடி உக்காரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் ஏறினேன். வேறு என்ன செய்வது? அளந்து கொடுத்தவளும் நான்தான்.

மத்தியானம் ஒரு மணி. மதுரா ரோடு தகரம் மாதிரி கொதித்தது. பல்தேவ் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே போனார். வண்டி அடியில் டகடகவென்று அடித்துக்கொண்டது, கால் பக்கத்தில் என்ஜினின் அனல். அவருடைய இடதுகையின் இரண்டு விரல்கள் மட்டும் கிளட்சின் மேலேயே இருந்ததைப் பார்த்தேன். இறுகினால் உடனே பிடிக்க. அவர் விழுந்த இடத்தைத் தாண்டினோம். அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, அவர் தோள்பட்டை கல்லாகிவிட்டது. பல்லபகர் வரை போய்த் திரும்பினோம். திரும்பும்போது அந்த இரண்டு விரல்களும் கிளட்சை விட்டு ஹாண்டிலுக்கு வந்துவிட்டன. கேட்டுக்குள் நிறுத்தியதும், "டீக் ஹை" என்றார். அவ்வளவுதான். முருகேசன் மிஷின் ஷாப் வாசலில் நின்றிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

அதற்கப்புறம் நாங்கள் பகையில்லாமல் வேலை செய்தோம். நட்பு என்று சொல்லலாமா தெரியவில்லை. பொங்கலுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பச்சரிசியும் வெல்லமும் வாங்கும்போது அவர் வீட்டுக்கும் சேர்த்து வாங்குவேன். அவர் மனைவி செல்வி பதிலுக்கு முறுக்கு கொடுத்தனுப்புவாள்.

பிறகு காலம் மாறியது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. சத்தம் இல்லை, புகை இல்லை, அதே பெட்ரோலில் இரண்டு மடங்கு தூரம். புகைக் கட்டுப்பாடு வந்தது. எங்கள் என்ஜினை மாற்ற என்னென்னவோ செய்து பார்த்தோம், ஜன்னல்களின் உயரத்தை மாற்றினோம், எண்ணெய்க்குத் தனி பம்ப் வைத்தோம். படே சாஹிப் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு அதில் மனம் இல்லை. ஒரு மார்ச் மாதம் கேட்டை மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. வேப்பமரம் இருந்த இடத்தில் டோக்கன் கொடுக்கிற பார்க்கிங்.

மூடிய சில மாதங்கள் கழித்து செல்விக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அந்தக் காலத்தில் முக்கியமான படங்களின் நிரந்தர நகலைத் தாளில் வைப்பதில்லை. கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய பருத்தித் துணியில் வரைந்து வைப்போம். மூடியபோது அந்தப் படங்களை எல்லாம் வெளியே தள்ளினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்களாம். வெந்நீரில் ஊறவைத்தால் கஞ்சியோடு மையும் போய்விடும். உள்ளே இருப்பது அருமையான துணி.

குழந்தை அந்தத் துணியில் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. கொடியில் இன்னும் நாலைந்து சட்டைகள் காய்ந்தன.

"இதுல பிஸ்டன் படமும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

முருகேசன் கொஞ்சம் சங்கடப்பட்டார். "இருந்துச்சுங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியும்ல. அத மட்டும் எடுத்து வைக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள இவ அண்டாவுல போட்டுட்டா."

செல்வி குழந்தையை என் மடியில் வைத்தாள். நான் அந்தச் சட்டையை விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தேன். நன்றாக வெளுத்திருந்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு எண் இல்லை.