அல்சீட் எடுத்துப்போன மலர்வளையம்

இறால் படகுகளை டிரெய்லரில் ஏற்றி, இரும்புக்கடை வாசலில் ஊர்வலம் விட்டு, அவற்றுக்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கிற கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும். ஊர் என்று சொல்வதே பழக்கதோஷம். அமெரிக்காவில் லூசியானாக் கரையில் பெல் ஆன்ஸ் என்று எங்கள் ஊர் இருந்த இடம் இப்போது பாதி கடல், மீதி சேறு. கடைசிப் புயலுக்குப் பிறகு எல்லோரும் வடக்கே, நெடுஞ்சாலை ஓரமாக வந்து குடியேறிவிட்டோம். கூடவே திருவிழாவும் வந்துவிட்டது. கடல் வரவில்லை.

அல்சீட் என் பெரியப்பா மகன். மீசை முளைக்கும் முன்பே வலை இழுக்கப் போனவர். அவருடைய படகைப் புயல் தூக்கிக்கொண்டுபோய்க் கோரைக்காட்டுக்கு நடுவே வைத்துவிட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதற்கப்புறம் அவருக்கு மிச்சம் இருந்ததெல்லாம் வாய் மட்டும்தான். திருவிழாச் சமையலில் நான் கம்போ குழம்பு கிண்டினால் பக்கத்தில் வந்து நின்று, “இது கம்போவா, பாத்திரம் கழுவுன தண்ணியா?” என்பார். சொல்லிவிட்டு மூன்று கிண்ணம் குடிப்பார்.

அவர் மகன் கிர்பி வளைகுடாவில் போனவன். இழுவலைக் கயிறு காலில் சுற்றி, அப்பாவின் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை. கல்லறை கிடையாது. வருடா வருடம் படகு மந்திரிப்பு முடிந்ததும் முதல் படகைத் தெற்கே கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்குவார்கள், அது வளைகுடா வாய்க்குப் போகும், மணி அடிப்பார்கள், கடலில் போனவர்களுக்காக ஒரு மலர்வளையத்தைத் தண்ணீரில் விடுவார்கள். கிர்பி போனதிலிருந்து அதை விட்டது அல்சீட்தான். அவருக்கு அதுதான் பிள்ளையின் கல்லறைக்குப் போய்வருவது.

இந்த வருடம் மலர்வளையத்தை இரும்புக்கடைக்குப் பின்னால், மழைத்தண்ணீருக்கு வெட்டிய குளத்தில் விடுவதாகத் திருவிழாக் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டித் தலைவி டார்லீன் கெட்டவள் அல்ல. கையில் மைக் இருந்தால் மட்டும் தாங்க முடியாது.

“அந்தக் குளத்துல வாத்து கூட எறங்காது டார்லீன். என் புள்ள அதுல இல்ல” என்றார் அல்சீட்.

“அண்ணே, தெக்கத்தி ரோட்டுல காலையிலேயே தண்ணி ஏறிடுச்சு. இத்தன வயசானவங்கள இழுத்துக்கிட்டு எங்க போறது? ஆண்டவருக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான்.”

“ஆண்டவருக்கு ஒண்ணாவே இருக்கட்டும். கிர்பிக்கு?”

டார்லீன் மைக்கை எடுத்துக்கொண்டாள். சாமியார் ஜெபித்தார், மணி அடித்தார்கள், வளையத்தைக் குளத்தில் விட்டார்கள். அது எங்கேயும் போகவில்லை. ஓடாத தண்ணீரில் எங்கே போகும்? கரையோரமாகவே நின்றது. ஜனம் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. அல்சீட் மட்டும் நல்ல கால்சட்டையோடு குளத்தில் இறங்கி அதை எடுத்தார்.

“என்ன அல்சீட், மீன் ஏதாச்சும் மாட்டுச்சா?” என்று எவனோ கத்தினான். எனக்கு வந்த கோபத்துக்குக் கரண்டியை அவன் மேல் எறிந்திருப்பேன்.

“அண்ணே, அது எல்லாருக்கும் பொது!” என்று மைக்கிலேயே அலறினாள் டார்லீன்.

“எல்லாருக்காகவும்தான் கொண்டுபோறேன். ஏ வேர்டி, வண்டிய எடு புள்ள.”

எடுத்தேன். தெற்கே போகப் போகக் காற்று வண்டியையே தள்ளியது. பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தோடு சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. அல்சீட் இறங்கிக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு. வளைகுடாவேதான். நம்மளத் தேடிக்கிட்டு இம்மாந்தூரம் வந்திருக்கு.”

“சாயங்காலம் காத்து திரும்பி வடக்கேருந்து அடிக்குமாம்ணே. இந்தத் தண்ணி நிக்காது.”

“எறங்கட்டுமே. இதையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தானே போகும்?”

முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகன் பெயரைச் சொல்லி வளையத்தை விட்டார். அது கொஞ்சம் ஆடிவிட்டுத் தெற்குப் பக்கமாக நகர்ந்ததுபோல் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு. சத்தியமாக, நானும் நம்பினேன்.

மறுநாள் காலை அவரே போன் செய்து, இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். போனோம். வாடைக்காற்று அடித்துச் சாலை காய்ந்து கிடந்தது. சாலை நடுவில், மஞ்சள் கோட்டின் மேலேயே கிடந்தது வளையம். ஏதோ லாரி ஏறிப் போயிருந்தது. கம்பி நசுங்கி, பூவெல்லாம் சேறு. நான் அழுதேன். பார்த்தே இராத அந்த லாரிக்காரனை வாயில் வந்தபடி திட்டினேன்.

“அவன ஏன் திட்டுற? காத்து திரும்புனா ரோட்டுத் தண்ணி ரெண்டு பக்கமும் வாய்க்கால்லதான் வடியும். கடலுக்கு இழுக்காது. எனக்குத் தெரியாதா இது? தண்ணியிலயே கெடந்தவன் நான். கடல்னு நெனச்சுக்க ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

நசுங்கிய கம்பியை எடுத்து வண்டியின் பின்தட்டில் போட்டார். இரும்புக்கடை வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினார். நானும் கூடப் போனேன். குளத்தில் திருவிழாக் காகிதத் தட்டுகள் மிதந்தன. குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கரையில் போட்டார். நான் மறுபக்கம் நின்று பொறுக்கினேன்.

“டார்லீன்கிட்ட சொல்லிடு. அடுத்த வருசம் நானே விடறேன். இதுலயே.”

“சரிண்ணே.”

பிறகு தண்ணீரைப் பார்த்து, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

“கிர்பி, இங்க வந்துடுடா.”

என் பக்கம் திரும்பினார். கையெல்லாம் குழம்புக் கறை.

“அவனுக்கு இந்த எடம் தெரியாதே, வேர்டி.”