திருத்தி அனுப்பிய குரல்கள்

அம்மாவின் கண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு வரிசையே இருக்கிறது. அதில் எனக்கும் இடம் உண்டு, அதுவும் முன் வரிசையில்.

வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய வாய் தோட்டத்தில் பிரசித்தம். ஒருமுறை கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோவைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று, மறுபடி நிறுக்கும் வரை தராசை விட்டு நகராமல் பேசியே கணக்கப்பிள்ளையைக் களைக்க வைத்தவள். அவளுக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பது போன வருடம் தெரிந்தது. சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், போன பார்வை திரும்பி வராது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவார். முன்னதாகவே தொலைபேசியில் நம்பர் எடுத்து வைக்காவிட்டால் அவரைப் பார்க்க முடியாது.

ஆரம்பத்தில் அந்த அழைப்பை ஒரு பெண் எடுப்பாள். "சொல்லுங்கம்மா" என்பாள். அம்மா மழை, அட்டைக்கடி, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரியின் கல்யாணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, நடுவில் நம்பரையும் வாங்கிவிடுவாள். பிறகு அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு ஓர் இயந்திரத்தை வைத்தார்கள். எந்த வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று அது கேட்கும். நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் சொன்னது எதுவும் அதற்கு விளங்கவில்லை. மூன்று தடவை "மன்னிக்கவும்" சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்துவிடும். காசு கொடுத்து வைத்தியம் பார்க்க வருகிறவர்களை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே தள்ளும் இடத்தை நான் அதுவரை கண்டதில்லை.

முறைப்பாடுகள் குவிந்த பிறகு, இயந்திரத்தைச் செய்த கொழும்புக் கம்பெனிக்காரர்கள் மலையகத்து ஆட்களின் குரல்களைச் சேர்த்து அதற்குப் படிப்பிக்க முடிவெடுத்தார்கள். நுவரெலியாவில் கைபேசி திருத்தும் கடையில் வேலை செய்யும் என்னிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது. தோட்டத்து ஆட்களைப் பேச வைத்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவரை படித்த தமிழில் பேசி நான்தான் அம்மாவுக்கு நம்பர் எடுத்துக் கொடுத்து வந்தேன்; இனி அவளே எடுக்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தைத் திறந்து வாங்கி, எல்லோரையும் வரச் சொன்னேன். வந்தவர்களைப் பார்த்தால் போட்டோ எடுக்க வந்தவர்கள் போல இருந்தார்கள். தலைக்குக் குளித்து, திருவிழாச் சேலை கட்டி, பவுடர் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். குரல் மட்டும்தான் போகும் என்று சொன்னேன். "இருக்கட்டும், கொழும்புக்குப் போறதுல்ல" என்றார்கள்.

அம்மா முதலில் வந்தாள். கைபேசியைக் கையில் கொடுத்ததும் கூச்சமே இல்லாமல் பேசினாள்.

"ஹலோ, நான் பத்தாம் நம்பர் லயத்துலருந்து பேசுறேங்க. கண்ணு டொக்டர் இந்த மாசம் வாராருங்களா? வந்தா எனக்கு ஒரு நம்பர் போட்டு வைங்க. மருந்து வேற முடியப் போகுது."

அதை அழித்தேன். ஆமாம், நான்தான் அழித்தேன், இந்த விரலால்.

ஏன் என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வீட்டில் பேசுகிற மாதிரி வாய் திறந்தால் அடி விழும். கொழும்பில் இரண்டு வருடம் கடையில் நின்றபோது, நான் பேசத் தொடங்கியதும் "தோட்டக்காட்டான்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அம்மாவின் மேல் விழ விடக்கூடாது என்று நினைத்தேன். கம்பெனி கொடுத்த தாளில், யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள், வீட்டில் பேசுவது போலவே பேச விடுங்கள் என்று எழுதியிருந்தது. படித்தேன், விளங்கியது. அவர்களுக்கு எங்கள் மானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா பேசுங்கம்மா" என்றேன்.

"இப்ப நல்லாத்தானே பேசுனேன்?"

"இல்லம்மா, படிச்சவங்க மாதிரி. நான் சொல்றத அப்புடியே சொல்லுங்க. 'கண் வைத்தியரைச் சந்திப்பதற்கு நேரம் ஒதுக்கித் தாருங்கள்.'"

அவள் முதுகை நிமிர்த்தி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பது போலக் கையை ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னாள். ஆறாவது தடவைதான் சரியாக வந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். மடுவத்துக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கைபேசியைக் கண்டதும் வானொலிச் செய்தி வாசிப்பவர்கள் ஆனார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தோட்டத்தையே மேடைப் பேச்சுப் பேச வைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

சில மாதங்களில் புதிய இயந்திரம் வந்தது. "இனிமே ஒங்க கொரல் அதுக்குத் தெரியும்மா, நீங்களே எடுங்க" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அந்த மாதம் கேட்டபோது, நம்பர் முடிந்துவிட்டதாம் என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள். நான் நம்பினேன். மருந்து தீர்ந்து போனதையும் அவள் சொல்லவில்லை.

ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா தேத்தண்ணீரைக் கோப்பைக்குள் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றினாள். நான் பார்த்ததைக் கண்டதும் துணியை எடுத்துத் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருந்தாள். பக்கத்துக் காம்பரா அக்காதான் என்னை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில், கொழுந்துச் சாக்கோடு நின்று அம்மா அந்த இயந்திரத்தோடு பேசிப் பார்த்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்தது பாதியில் மறந்து போக, தன் பாட்டுக்குப் பேசியிருக்கிறாள். அது மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டது. மறுநாளும் அப்படித்தான். மற்றப் பெண்கள் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டு அதோடு விட்டுவிட்டாளாம்.

அங்கேயே நின்று அந்த எண்ணுக்கு எடுத்தேன். அதே வாக்கியத்தை நான் சொன்னேன். முதல் தடவையிலேயே நம்பர் கொடுத்தது, நன்றியும் சொன்னது. கைபேசியைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

கொழும்பில் அந்த வேலைக்குப் பொறுப்பான ஆளை அழைத்தேன். அவர் என் பெயரைக் கேட்டதும் மனம் குளிர்ந்து போனார்.

"தம்பி, உங்கட ரெக்கோடிங்தான் எல்லாத்துலயும் கிளீன். மற்றத் தோட்டங்கள்ல இருந்து வந்ததுல பாதிய நாங்க எறிஞ்சிட்டம், ஒண்டும் விளங்கல்ல. உங்கடதத்தான் மெயினா போட்டது."

எறிந்துவிட்டார்களாம். மற்றத் தோட்டங்களில் யாரோ தாளில் சொன்னபடி செய்திருக்கிறார்கள், ஆட்களை அவரவர் வாயால் பேச விட்டிருக்கிறார்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, நான் பூசி மெழுகியதை எடுத்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் எவனாவது தொலைபேசியை எடுத்து "ஒதுக்கித் தாருங்கள்" என்பானா? கொழும்பில் அவர் வீட்டில் அவருடைய பெண்டாட்டி அப்படிப் பேசுவாளா? ஒரு அறை நிறையப் படித்தவர்கள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அது அவங்க பேச்சே இல்ல சார். நான் சொல்லிக் குடுத்தது" என்றேன்.

"சொல்லிக் குடுக்க வேணாம் எண்டு தாள்ல இருந்ததே?"

இருந்தது. மடித்துப் பையில் வைத்தது நான்தான். அடுத்த முறை பார்ப்போம் என்று அவர் வைத்துவிட்டார்.

டொக்டர் வரும் ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, இனி வராது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற வேண்டும் என்றார். ஏன் இரண்டு மாதம் வரவில்லை என்று கேட்டுவிட்டு, அம்மா தலை குனிந்திருந்ததால் என்னைப் பார்த்தார்.

"மகன்தானே நீங்க? நீங்க பாத்திருக்கலாம்தானே?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன ஏசாதீங்க சார். அவன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தான். எனக்குத்தான் பேசத் தெரியல."