கிளை மேல் கோலா, கிளைக்குள் வண்டு

அருங்காட்சியகத்தில் செத்த விலங்குகளைப் பாடம் செய்து நிறுத்துபவருக்குப் பஞ்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, வயிற்றுக்குள் அவர் திணிப்பதைப் பார்த்துக் கூட வேலை செய்பவர்கள் வைத்தது. தான் செய்த ஏதாவது ஒன்றின் கீழே தன் சொந்தப் பெயர் பித்தளையில் மின்ன வேண்டும் என்பதே அவர் ஆயுட்கால ஆசை. ஆந்தை, கீரி எதற்கும் அது வாய்க்கவில்லை. ஓய்வு பெறும் வருஷத்தில் ஆஸ்திரேலியக் கோலா ஒன்று செத்து வந்து சேர்ந்தது. மேலதிகாரி மனமிரங்கிப் பெயர்ப்பலகைக்குச் சம்மதித்தார்.

உயிரோடிருந்தபோதும் மரத்தில் தூங்கியே பேர் வாங்கிய பிராணி அது. அதை உட்கார வைக்கப் பஞ்சு ஓர் அழகான கவட்டைக் கிளையைத் தேடிப் பிடித்தார். எந்தக் கட்டையானாலும் ஃப்ரீசரில் வைத்துப் பூச்சியைக் கொன்ற பிறகே கண்ணாடிப் பெட்டிக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் இதை ஓதியவரே அவர்தான். கிளையோ ஃப்ரீசரை விட நீளம். அறுக்க மனசு வராமல் அப்படியே வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் கிளைக்கடியில் மாவாய்த் தூள் கொட்டியது. சொன்னால் கோலா கிடங்குக்குப் போகும், பித்தளையும் போகும். அவர் வாயே திறக்காமல் தினமும் கைக்குட்டையால் துடைத்தார்.

"கைக்குட்டையெல்லாம் ஏங்க மரத்தூளா இருக்கு?" என்றாள், அதைத் துவைக்கும் மனைவி.

"தூசி."

"வண்டு குடையுதுங்க. மேல இருக்கிறது தூங்குது, ஊரே கொஞ்சுது. உள்ள இருக்கிறது ராப்பகலா உழைக்குது, ஒரு நாய்கூட திரும்பிப் பாக்கல. நம்ம வீட்டுக் கதைதான்."

இதில் கோலா யார் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்த அன்று, எல்லோர் கண்ணெதிரிலும் கிளை முறிந்தது. கோலா குப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டது. முறிந்த இடத்திலிருந்து நீண்ட மீசையோடு ஒரு வண்டு நிதானமாக வெளியே வந்தது.

"டேய், இது உயிரோட இருக்குடா!"

அதுவரை கொட்டாவி விட்டதுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. கூட்டத்தைப் பார்த்த மேலதிகாரி, கோலாவைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு வண்டை அங்கேயே குடிவைத்தார்.

"ஐயா, பலகையையாவது எடுத்துடுங்க" என்று கெஞ்சினார் பஞ்சு. மானம் போனது அவருக்கு.

"எதுக்கு எடுக்கணும்? உண்டாக்கினது நீங்கதானே?"

மறுவாரம் மனைவி பார்க்க வந்தாள். பித்தளையில் கணவன் பெயரைப் படித்தாள். வண்டு நடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை வருஷத்துல உங்க கைபட்டதுல இது ஒண்ணுதாங்க உசுரோட நடமாடுது."